சொல்லாமல் விட்ட கை

சிலுவைமுத்துக்குத் துரோகம் செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால் முதல் ஆளாக நிற்க வேண்டியவன் கோயில்பிள்ளை. பெண்ணைக் கட்டிக்கொண்டு போய் வருஷத்துக்கு ஒருதடவைகூட அனுப்பாத மருமகன் அவனுக்குப் பின்னால்தான், வயசாகிவிட்டது என்று சொல்லிப் பேரை வெட்டிய சங்கத் தலைவர் மருமகனுக்கும் பின்னால்தான், ஏனென்றால் அவர்கள் யாரும் சிலுவைமுத்துவோடு சேர்ந்து பாரம் பிடித்தவர்கள் இல்லை, கோயில்பிள்ளை பிடித்தவன்.

துறைமுகத்துக்குப் பின்னால், ரயில் தண்டவாளம் மண்ணுக்குள் முங்கிப்போகிற இடத்தில், மூட்டைக்காரர் காலனி என்று ஒரு தெரு இருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். பெரிய பெட்டியோ இரும்போ வந்தால் இரண்டு இரண்டு பேராகப் பிடிப்பார்கள்; முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும், பின்னால் வருகிறவனுக்குப் பாரத்தின் அடிப்பாகத்தைத் தவிர எதுவும் தெரியாது, அதனால் முன்னால் போகிறவன் ‘பள்ளம்’, ‘மேடு’, ‘இடது’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவன் கேட்டுக்கொண்டே வர வேண்டும். கையை எடுக்க வேண்டுமென்றால் ‘விடுறேன்’ என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் ‘விடு’ என்று பதில் சொன்ன பிறகுதான் விரல் பிரிய வேண்டும். சொல்லாமல் கையை விட்டவனுக்கு அந்தத் தெருவில் மறுபடி யாரும் ஜோடி சேர மாட்டார்கள், பெண் கொடுக்கிறவர்கள்கூட ஒருமுறை யோசிப்பார்கள். சிலுவைமுத்து முன்னால் போனவன், கோயில்பிள்ளை பின்னால் வந்தவன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதுகு வளைந்து வீட்டுக்கு வந்த நாள் வரைக்கும் அப்படித்தான், அதில் ஒருநாளும் மாற்றமில்லை.

வேலை முடிந்த பிறகு இருவருக்கும் பகல் பெரிதாகிப்போனது. அந்தப் பகலைக் கழிக்க ஜெபக்கனியின் கடைக்குப் போனார்கள். ஜெபக்கனி போனுக்குப் பணம் ஏற்றுகிற கடை வைத்திருந்தாள்; அவள் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியைக் கடையின் பின்கட்டில் ஒரு பெரிய டிவியோடு சேர்த்து வைத்திருந்தாள், இரண்டு ரிமோட், ஒரு பெஞ்சு, தலைக்குமேல் ஒரு ஃபேன். முதலில் ஃபேனுக்காகத்தான் இவர்கள் போனார்கள். பிறகு அந்த விளையாட்டைப் பார்த்தார்கள்.

அதற்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது, தெருவில் யாரும் அதைச் சொல்லவில்லை, வள்ள விளையாட்டு என்றே சொன்னார்கள். இரண்டு ஆட்கள் ஒரு வள்ளத்தை, மரப்படகு ஒன்றை, தோளில் தூக்கிக்கொண்டு ஒரு மலையில் ஏற வேண்டும், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடல் இருக்கிறது, அந்தக் கடலில் வள்ளத்தை இறக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தால் பாரம் தோளில் நிற்கும், விட்டால் வள்ளம் சறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய்விடும். காலனி முழுக்க அதன்மேல் பைத்தியமாகக் கிடந்தது. கல்லூரிக்குப் போகிறவர்கள் ஆடினார்கள், மீன் வேன் ஓட்டுகிறவர்கள் ஆடினார்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிரசவத்துக்கு வந்த இடத்தில் ஆடினார்கள், ஆனால் மலையின் பாதியைத் தாண்டியவர்கள் யாருமில்லை. இந்த இரண்டு கிழவர்களும் தாண்டினார்கள். மேகத்துக்குள் போனார்கள், மேகத்துக்கு மேலே வந்தார்கள், டிவியில் காற்றின் சத்தம் மாறி உப்பு வாசம் அடிக்கிறது என்று ஜெபக்கனியே சொல்கிற உயரத்துக்குப் போனார்கள். இன்னும் ஒரு வளைவுதான் இருந்தது.

அங்கேயும் சிலுவைமுத்து முன்னால், கோயில்பிள்ளை பின்னால். டிவியில் இரண்டு பேருக்கும் பாதை ஒன்றுபோலத்தான் தெரிந்தது, ஆனாலும் சிலுவைமுத்து ‘பள்ளம்’ என்றான், ‘மேடு’ என்றான், ‘காலைப் பாத்து வையும் வே, கண்ணு எங்க இருக்கு’ என்றான். கோயில்பிள்ளை ஒருதடவை வழுக்கினால் அன்று சாயங்காலம் டீக்கடையில் அதைப் பத்துப்பேருக்கு நடித்துக் காட்டினான், துறைமுகத்தில் அவன் எந்தக் காலத்திலோ வழுக்கியதையும் சேர்த்து. கோயில்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். அவன் எதற்கும் சிரிக்கிற ஆள்.

அந்தக் கடைசி வளைவுக்கு வந்த மதியம் கோயில்பிள்ளை கேட்டான், “ஒருக்கா நான் முன்ன போறேன் வே. இதுல ஆள மாத்துறதுக்கு ஒரு பொத்தான் இருக்குன்னு ஜெபக்கனி சொல்லுதா.”

சிலுவைமுத்து டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “காலமெல்லாம் பாரத்தோட குண்டியப் பாத்து நடந்த ஆளு நீரு. முன்னால என்ன இருக்குன்னு உமக்கு என்ன தெரியும்?”

பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கோயில்பிள்ளையும் சிரித்தான். பிறகு ரிமோட்டைப் பெஞ்சில் வைத்தான், துண்டை எடுத்துத் தோளில் போட்டான், “வெயில் தாந்துட்டு” என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வெளியே போனான். ஒன்றுக்குப் போயிருக்கிறான் என்று சிலுவைமுத்து நினைத்தான். டிவியில் வள்ளத்தின் பின்பக்கம் ஒரு பாறையில் போய் இடித்து நின்றது, முன்பக்கம் மட்டும் சிலுவைமுத்துவின் ஆளுடைய தோளில் இருந்தது, அவன் பொத்தானை அமுக்கியபடியே கடை சாத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். கோயில்பிள்ளை திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டீக்கடைக்கு வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், வடையைப் பிட்டுப் பாதி கொடுத்தான், வள்ளத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வந்த பெண்கள், தெருவில் புது ஆட்கள் நிற்பதைப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒருவர், சில வீட்டுக்கு இரண்டு மூன்று பேர், வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். எஸ்தர் டீச்சர் வாசலில் பூவாளியோடு ஒரு தோட்டக்காரி, மீன் வேன் ஓட்டும் மிக்கேல் வாசலில் கத்தியும் கேடயமுமாக ஒரு போர்வீரன், கரண்டு வேலை செய்யும் மூக்கையா வாசலில் தலைக்கவசம் மாட்டிய கார் பந்தயக்காரன், கோயில்பிள்ளை வாசலில் நீலச் சட்டை போட்டு, இரண்டு கையையும் தோளுக்குமேல் தூக்கி, இல்லாத ஒரு வள்ளத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவன். அவர்கள் உடம்பின் நிறம் நம் நிறத்தைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது, அவர்கள் நிழல் நம் வெயிலுக்குக் கட்டுப்படாமல் எல்லா நேரமும் கிழக்கே விழுந்தது, மற்றபடி மனுஷர்கள்தான். யார் யார் எந்த விளையாட்டைப் பாதியில் விட்டார்களோ அந்த விளையாட்டில் அவர்கள் ஆட்டுவித்த ஆள் வந்து நிற்கிறான் என்று ஜெபக்கனி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். பெண்கள் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, லாரி போய்விடுமே என்று ஓடினார்கள்.

காலனிக்காரர்கள் முதலில் செய்த தவறு, அவர்கள் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் அசையாமல் நின்றால் அந்தத் தெருவில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. சங்கத் தலைவர் கூட்டம் போட்டார், கார்டு இல்லாத ஆள் மேல் யாரும் மூட்டை ஏற்றக் கூடாது என்று தீர்மானம் எழுதினார், அதைப் பந்தயக்காரன் முன்னால் சத்தமாகப் படித்தும் காட்டினார். அப்படியும் ஒன்றிரண்டு பேர் ஆசைக்கு ஒரு மூட்டையை வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தாங்கினார்கள், ஆனால் ஓர் அடி நடக்கவில்லை, மூட்டையைக் கொண்டுபோக வேண்டிய இடத்தையெல்லாம் மூட்டை வைத்த இடத்துக்கே வரச்சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டார்கள்.

பிறகு பழகிப்போனது. தண்ணீர் லாரி வரிசையில் இடம்பிடிக்கக் குடத்தை அவர்கள் கையில் மாட்டினார்கள், கேடயத்தில் வடகம் காயப்போட்டார்கள், மூக்கையா தன் பந்தயக்காரன் தலைக்கவசத்தின்மேல் கேபிள் வயரைச் சுற்றித் தெருவின் அந்தப் பக்கத்துக்கு இழுத்தான். ஆடு மாடு அவர்கள்மேல் உரசிக்கொண்டு போனது, நாய்கள் முதல் நாள் மோந்து பார்த்ததோடு சரி. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அவன் வீட்டு வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள், ஒருவனாவது நின்றால் பரவாயில்லை, ஒருவனுமே இல்லையென்றால் இவன் எதையுமே தொட்டுப் பார்க்காதவன் போலிருக்கிறதே என்று அதற்கும் முகம் சுளித்தார்கள். தேர்தலுக்கு வந்தவர்கள் போர்வீரன் கையில் கொடியைச் செருகினார்கள், மறு கட்சிக்காரர்கள் வந்து அவன் அடுத்த கையில் தங்கள் கொடியைச் செருகினார்கள். சாமியார் பிரசங்கத்தில் அவர்களைப் பற்றிச் சொல்லப் பார்த்தார், ஆனால் பைபிளின் எந்த அதிகாரத்தோடு சேர்ப்பதென்று பிடிபடாமல் விட்டுவிட்டார், அடுத்த ஞாயிறு அவர் வீட்டு வாசலிலேயே சீட்டுக்கட்டு ராஜா ஒருவர் நின்றார்.

காலனியில் பெரியவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். சொல்லாமல் கையை விட்டதால்தான் வந்து நிற்கிறார்கள், துறைமுக வழக்கப்படி சொல்லிவிடுவோம் என்றார்கள். ஒரு சாயங்காலம் தெருவே வாசலுக்கு வந்து, ஆளுக்கு ஆள் எதிரே நின்று, ‘விடுறேன்’ என்று சொன்னது. அவர்கள் ‘விடு’ என்று சொல்லவில்லை. நின்றார்கள்.

வழியைக் கண்டுபிடித்தது எஸ்தர் டீச்சர், அதுவும் கோபத்தில். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகி ஓடும்போது முந்தானை பூவாளியில் மாட்டிக்கொண்டது, அவள் திரும்பித் தோட்டக்காரியைப் பார்த்து, “என்னத்துக்குடி என் வாசல்ல நிக்க? எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னாவ, சரின்னு வந்தேன். நீ என்ன செய்யச் சொன்ன? மணி அடிச்சா தண்ணி ஊத்து, மணி அடிச்சா பூவப் பறி. மணிக்கு மணி எந்திரிக்கத்தான் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கே. உன்கிட்டயும் வந்து உத்தியோகம் பாக்க முடியாதுன்னுதான் விட்டேன்” என்றாள். தோட்டக்காரி அதைக் கேட்டாள். பூவாளியைத் தரையில் வைத்தாள், தலையை ஒருதடவை ஆட்டினாள், தெரு முனையில் திரும்பிக் கடலைப் பார்க்க நடந்து போய்விட்டாள்.

விட்டதைச் சொன்னால் போதாது, ஏன் விட்டாய் என்பதைச் சொல்ல வேண்டும், அதுவும் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று தெருவுக்கு அப்போது தெரிந்தது. பொய் சொன்னால் அவர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள். ‘நேரமில்லை’ என்று சொன்னவர்கள்தான் அதிகம், அந்த வீடுகளில் எல்லாம் ஆட்கள் நடையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து டிவிக்கு முன்னால் நின்றார்கள், சீரியல் பார்க்க முடியாமல் வீட்டுப் பெண்கள் புருஷன்களை உலுக்கினார்கள், ‘உள்ளதச் சொல்லித் தொலைங்க’ என்று. அந்த மாதம் முழுக்க அந்தத் தெருவில் உண்மை கேட்டது. அவ்வளவு உண்மையைத் தெரு அதற்கு முன்னால் கேட்டதில்லை, கேட்டவர்கள் கேட்காத மாதிரி நடந்தார்கள்.

மூக்கையா தன் பந்தயக்காரனிடம், “தோத்துக்கிட்டே இருந்தேன்டே. தோக்குறதுக்கு எனக்கு வீட்லயே ஆள் இருக்கு” என்றான், அவன் மனைவி ஜன்னலில் நின்று கேட்டாள். மூன்றாவது வீட்டு அக்கா, தம்பியோடு சேர்ந்து ஆடியதாகவும், தம்பி கப்பலுக்குப் போன பிறகு அவன் இடத்தில் யாரோ ஊர்பேர் தெரியாத ஆள் வந்து நின்றதாகவும், அது தம்பி சட்டையை யாரோ போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்ததாகவும் சொன்னாள். ஒருவன், “நீ என்னை ஜெயிக்க விட்ட. கஷ்டமான எடம் வந்தாலே எனக்காக எளகிக் கொடுத்த. எனக்கு அது பிடிக்கல” என்றான். இன்னொருவன், “எல்லாரும் அழுத எடத்துல எனக்கு அழுகை வரல. எங்கிட்டதான் கோளாறோன்னு பயந்து விட்டுட்டேன்” என்றான். பெரிய உடம்புக்காரன் மிக்கேல் போர்வீரனின் கேடயத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “இன்னும் ஒரே ஒரு கோட்டைதான் பாக்கி இருந்துச்சு. அதையும் பிடிச்சிட்டா அப்புறம் வேலவிட்டு வந்து நான் என்ன செய்ய. முடியக்கூடாதுன்னுதான் விட்டேன்” என்று சொல்லி அழுதான். போர்வீரன் இரண்டு கொடியையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

இப்படி ஒவ்வொருவராகக் கடலைப் பார்க்கப் போய்விட, கடைசியில் தெருவில் ஒருவன்தான் மிச்சம். கோயில்பிள்ளை வாசலில் நீலச் சட்டைக்காரன். கோயில்பிள்ளை அவனிடம் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. காலையில் எழுந்து அவனைச் சுற்றித் தண்ணீர் தெளித்தான், மழை வந்தால் ஒரு சாக்கைப் போட்டு மூடினான், தூக்கிய கைகளில் துவைத்த வேட்டியைக் காயப்போட்டான். மனைவி செத்தபிறகு தனியாக இருந்த ஆள், அவனுக்கு அதில் தொந்தரவு ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

சிலுவைமுத்துக்குத்தான் தொந்தரவு. அவன் வாசலில் யாரும் நிற்கவில்லை, ஏனென்றால் அவன் விளையாட்டை விடவில்லை. தினமும் ஜெபக்கனி கடைக்குப் போய் ரிமோட்டை எடுத்துப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான், சாப்பிடப் போகும்போதும் கடை சாத்தும்போதும் ஜெபக்கனி பழைய ரீசார்ஜ் அட்டையை மடித்துப் பொத்தானில் செருகி ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள், பெட்டியை நிறுத்தவில்லை. டிவியில் அவன் ஆள் வளைவுக்கு முன்னால் வள்ளத்தின் தலையைத் தாங்கிக்கொண்டு தனியாக நின்றான். மற்றவர்கள் ஆடுவதற்கு அவள் முன்கட்டில் வேறு டிவி வாங்கி வைத்தாள்.

“வேற ஆளச் சேத்துக்கிட்டு ஏறிருங்க அண்ணாச்சி” என்று ஜெபக்கனி சொன்னாள். “மிக்கேல் வாரேங்கான்.”

“மிக்கேல் யாருக்குப் பின்ன வந்தான்?”

“அப்ப இறக்கி வச்சிருங்க.”

“ஏன் விட்டான்னு அவன் சொல்லட்டும். நான் இறக்குதேன்.”

வீட்டில் அவன் மனைவி தெரசம்மாள் மீனை உரசிக்கொண்டே இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் சொன்னாள், “ஏன் விட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒருக்கா முன்ன போறேன்னு கேட்டாரு. நீங்க ஊர் சிரிக்கப் பேசுனீங்க. தெருவுக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?”

“அது அவன் வாயால வரட்டும்.”

“வந்தா?”

வந்தால் என்ன செய்வான் என்று சிலுவைமுத்து யோசித்துப் பார்த்ததில்லை. வந்தால், அடப்பாவி, இதுக்கா என்று கேட்பான், கேட்டால் கோயில்பிள்ளை சிரிப்பான், சிரித்தால் இரண்டு பேரும் கடைக்குப் போய் ரிமோட்டை எடுப்பார்கள், அவ்வளவுதான் அவன் நினைப்பில் இருந்தது, அந்த இடத்தில் யார் முன்னால் போவார்கள் என்பது அவன் நினைப்பில் இல்லை.

கோயில்பிள்ளை ரேஷன் கடைக்குப் போன ஒரு காலை, சிலுவைமுத்து அவன் வாசலுக்குப் போனான். நீலச் சட்டைக்காரன் முகத்தை முதல்தடவையாகக் கிட்டத்தில் பார்த்தான். சாதாரண முகம். பின்னால் வருகிறவன் முகம், அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. அவனிடம், “கேளும், உம்ம ஆளுக்குக் கண்ணு மங்கிட்டு. அதான் விட்டான்” என்றான். பொய் என்று அவனுக்குத் தெரியும். நீலச் சட்டைக்காரன் ஓர் அடி முன்னால் வைத்து வாசற்படிக்கு வந்தான்.

மறுநாள் கோயில்பிள்ளை குளிக்கும்போது போய், “அவனுக்குக் கை நடுங்குது” என்றான். இன்னோர் அடி. அதற்கு மறுநாள், “அவன் செத்த பொண்டாட்டி வந்து வேண்டாம்னுட்டா” என்றான். நீலச் சட்டைக்காரன் வாசல்நிலைக்கு நடுவில் வந்து, தூக்கிய கைகள் மேல்நிலையில் இடிக்க, கதவைச் சாத்தவும் முடியாமல் ஆள் நுழையவும் முடியாமல் நின்றான்.

உள்ளே இருந்த கோயில்பிள்ளை வெளியே வர வழியில்லாமல் பின்சுவர் ஏறினான். கண்ணாடிச் சில்லுப் பதித்த சுவர் அது. வேட்டியை மடித்துக் கட்டி, சாக்கை விரித்து, ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் போட்டு அவன் உட்கார்ந்திருந்ததைத் தெரு பார்த்தது. இறங்கத் தெரியாமல் அவன் அங்கேயே இருந்தான். சிலுவைமுத்துதான் ஓடிப்போய்க் கையைக் கொடுத்தான், பழைய பழக்கத்தில் ‘பள்ளம்’ என்றான், கோயில்பிள்ளை காலைப் பார்த்து வைத்து இறங்கினான்.

இறங்கியவன் உள்ளங்கையில் கீறியிருந்த ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “நீருதான அவன்கிட்ட பொய் சொன்னீரு?” என்றான்.

“நீரு வாயத் தொறக்கல. வேற என்ன செய்ய.”

“சரி” என்றான் கோயில்பிள்ளை. சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்ததைச் சிலுவைமுத்து அன்றைக்குத்தான் பார்த்தான்.

கோயில்பிள்ளை தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தான். தெரு அவனுக்குப் பின்னால் வந்தது, தெரசம்மாள் மீன்கையோடு வந்தாள், எஸ்தர் டீச்சர் வந்தாள், ஜெபக்கனி கடையைத் திறந்துபோட்டபடியே வந்தாள். சிலுவைமுத்து எல்லாருக்கும் முன்னால் நின்றான், இத்தனை நாள் தனக்கு வர வேண்டியது இப்போது வரப்போகிறது என்று காத்து நின்றான். கோயில்பிள்ளை படியேறி, நீலச் சட்டைக்காரன் பக்கத்தில் போய், அவன் தோளில் ஒரு கையைப் போட்டு, அவன் காதுக்குள் பேசினான்.

வெகுநேரம் பேசினான். அவ்வளவு நேரம் அவன் தொடர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை. ஒரு சொல்கூடப் படி இறங்கி வரவில்லை. நடுவில் ஒருதடவை நீலச் சட்டைக்காரன் முகத்தைத் திருப்பிக் கோயில்பிள்ளையைப் பார்த்தான், அந்த ஆட்களில் யாரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு தூக்கியிருந்த இரண்டு கைகளையும், ஏதோ பெரிய பாரத்தை இறக்குகிறவனைப் போல, முழங்காலை மடக்கி மெதுவாக, மெதுவாக இறக்கினான். கைகளை உதறிக்கொண்டான். கூட்டம் வழிவிட, நடுத்தெருவில் கடலைப் பார்க்க நடந்தான், அவன் நிழல் கிழக்கே விழுந்து அவனுக்கு முன்னால் போனது.

சிலுவைமுத்து படிக்குக் கீழே வந்து நின்றான். “என்ன வே சொன்னீரு?”

“அவன்கிட்ட சொல்ல வேண்டியதச் சொன்னேன்.”

“எனக்கு?”

“உமக்கு என்ன? நான் விட்டது அவனத்தான. உம்மள நான் எங்க விட்டேன்? தெனமும் டீக்கடையில பக்கத்துலதான உக்காருதேன்.”

“ஜோடி நான். பாரம் பிடிச்சது நான். ஏன் விட்டேன்னு எனக்குத்தான் முதல்ல சொல்லணும்.”

கோயில்பிள்ளை நிலையில் கையை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லாத பார்வை அது, வெயிலில் தூரத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறவன் பார்வை. “கேக்கிறவன்கிட்ட சொல்லலாம் வே” என்றான். “நீரு கேட்டுட்டு டீக்கடையில நடிச்சுக் காட்டுவீரு.”

தெருவில் ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். கோயில்பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

மறுநாள் டீக்கடையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், வடையைப் பிட்டுப் பாதி கொடுத்தான், சிலுவைமுத்து வாங்கிக்கொண்டான். மழையைப் பற்றிப் பேசினார்கள், கப்பல் ஒன்று வெளியே நிற்பதைப் பற்றிப் பேசினார்கள், அப்படியே பேசிப் பேசிக் கார்த்திகை போனது, சித்திரையும் போனது. கோயில்பிள்ளை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சிலுவைமுத்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தான். முன்னால் போகிறவனுக்கு அடுத்தவன் முதுகு தெரியாது, அதனால் அதை அவன் புதிதாகப் பார்த்தான். ஒரு பக்கம் இறங்கிய முதுகு, இடது தோள் தாழ்ந்தது. அந்தத் தோள் எந்தச் சரக்கில் இறங்கியது என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. தனக்கு வர வேண்டியது வராமல் தான் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டான்.

இப்போது அந்த விளையாட்டை யாரும் ஆடுவதில்லை. புதிதாக வேறொன்று வந்துவிட்டது, முன்கட்டில் எல்லாரும் அதற்குத்தான் கத்துகிறார்கள். பின்கட்டில் பழைய டிவி மட்டும் எரிகிறது. சிலுவைமுத்து காலையில் வந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, அட்டையை உருவி, கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்காருகிறான். விரல் வளைந்துபோய்விட்டது. இறக்கி வைத்துவிடலாம் என்று அவனுக்கும் சில நேரம் தோன்றுகிறது, முழங்காலும் வலிக்கிறது, அந்தக் கடலைப் பார்க்கிற ஆசைகூட இப்போது அவ்வளவாக இல்லை. ஆனால் கையை விடுமுன் ‘விடுறேன்’ என்று சொல்ல வேண்டும், அடுத்தவன் ‘விடு’ என்று சொல்ல வேண்டும். அவன் திரும்பிப் பார்க்கிறான். டிவியில் வள்ளத்தின் பின்பக்கம் பாறையில் கிடக்கிறது, அங்கே ஆள் இல்லை. கோயில்பிள்ளை இன்னும் சொல்லவில்லை.